எம்.எல்.எம்.: மேடையில் காட்டும் செக்கும் 26ஏஎஸ் காட்டும் தொகையும்

எம்.எல்.எம். என்கிற நெட்வொர்க் மார்க்கெட்டிங், அதாவது சரக்கை வாங்கி விற்பதோடு தனக்குக் கீழே ஆளையும் சேர்த்தால் கமிஷன் தரும் திட்டம் பற்றி வாசகர் ஒருவரின் வாதம்: “நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் தோற்றவர்கள் எல்லாரும் உழைக்காதவர்கள். கடை வைத்தவனும்தான் நஷ்டப்படுகிறான். அதற்காகக் கடை வைப்பதே மோசடி என்பீர்களா? என் அப்லைன் (எனக்கு மேலே இருந்து என்னைச் சேர்த்துவிட்டவர்) மாதம் 2 லட்சம் வாங்குகிறார். செக்கை என் கண்ணால் பார்த்தேன்.”

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

நீங்கள் செக்கைப் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு வேறொரு காகிதம் பார்க்கக் கிடைக்கிறது. ஈரோடு வட்டாரத்தில் சிறிய அளவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். இந்த ஆண்டு கடைசித் தேதியை ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளிவிட்டதால் அடிதடி இல்லாமல் ஆட்கள் வருகிறார்கள். மளிகைக்காரர், விசைத்தறிக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று வழக்கமானவர்கள் போக, கமிஷனில் கம்பெனி முன்கூட்டியே வரியாகப் பிடித்த டி.டி.எஸ். பணத்தைத் திரும்ப வாங்க வருகிற ‘சில்வர்’, ‘கோல்டு’, ‘ரூபி’ என்று எம்.எல்.எம். பட்டம் வாங்கிய ஒரு தனி ரகம் உண்டு. கம்பெனி அவர்களுக்கு ஓராண்டில் எவ்வளவு கொடுத்தது என்பது பான் எண்ணுக்கு நேராக, வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் 194எச் என்ற கமிஷன் பிரிவின் கீழ் பைசா சுத்தமாக ஏறியிருக்கும். மேடைப் பேச்சு அந்தப் படிவத்துக்குள் நுழைய முடியாது.

மாதம் 2 லட்சம் வருகிற எவரையும் நான் அதில் கண்டதில்லை. அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த உயரத்தில் இருப்பவர் பெரிய ஆடிட்டரிடம் போவார், என் மாடிப்படி ஏறமாட்டார். என்னிடம் வருகிறவர்கள் அவருக்கு அடியில் இருப்பவர்கள். அவருடைய 2 லட்சம் எங்கே திரட்டப்படுகிறது என்பது இவர்களுடைய காகிதத்தில்தான் தெரிகிறது.

கடை விஷயத்துக்கு நாளை வருகிறேன். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு பவானியிலிருந்து வீடு சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

ஆகஸ்ட் 4

கடைக்காரர் நஷ்டப்படுவது உண்டு. ஆனால், தன் கடைக்குச் சாமான் வாங்க வந்தவரிடம் “நீங்களும் எதிர்வரிசையில் இதே சாமானுக்கு ஒரு கடை போடுங்கள், உங்கள் தங்கையையும் பக்கத்தில் ஒன்று போடச் சொல்லுங்கள்” என்று எந்தக் கடைக்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எதிரில் ஒரு கடை வந்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். இங்கே போட்டியாளரைத் தேடித் தேடிச் சேர்ப்பதுதான் தொழில்.

உழைப்புக்கு வருவோம். ‘ஆளுக்கு ஆறு பேர்’ சேர்த்தால் போதும் என்று ஆள் பிடிக்கும் மீட்டிங்கில் பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவார்கள். 6, 36, 216, 1,296. பிளான் காட்டுகிறவர் இந்த இடத்தில் மார்க்கரை மூடிவிடுவார். மூடாமல் போனால் பத்தாவது நிலையில் மட்டும் 6 கோடியே 4 லட்சத்துச் சொச்சம் பேர் வேண்டும். முதல் நிலையிலிருந்து கூட்டினால் 7,25,59,410 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7,21,47,030. அதாவது தொட்டிலில் கிடக்கும் குழந்தை முதல் கட்டிலில் கிடக்கும் கிழவர் வரை ஒருவர் பாக்கியில்லாமல் ஐடி போட்டாலும் (உறுப்பினராகச் சேர்ந்தாலும்) நாலு லட்சம் பேரைப் பாலக்காட்டிலிருந்தோ சித்தூரிலிருந்தோ கூட்டிவர வேண்டும்.

இந்தக் கணக்கு பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் எல்லாரும் “எங்காவது போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும்” என்று மட்டுமே சொல்கிறார்கள். முட்டும்வரை காத்திருக்கவே தேவையில்லை. ஆளுக்கு ஆறு என்றால், எந்த நாளில் நிறுத்தி எண்ணினாலும் கடைசி வரிசையில் நிற்பவர்கள் மொத்தத்தில் 83 சதவீதம். அவர்களுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. எல்லாரும் அர்ஜுனனாக உழைத்தாலும் அந்த 83 அப்படியே நிற்கும். கீழ்வரிசை நாளை ஆறு ஆறு பேரைச் சேர்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடனே புதிய கீழ்வரிசை ஒன்று முளைத்து, அது 83 சதவீதம் ஆகிவிடும். உழைப்பு இங்கே ஆளை மாற்றுமே தவிர விகிதத்தை மாற்றாது.

ஆகஸ்ட் 6

“எங்களுடையது பைனரி, ஆளுக்கு இரண்டு பேர் போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, 83 குறைகிறது: கடைசி வரிசை 50 சதவீதம், கடைசி இரண்டு வரிசையும் சேர்ந்து 75. ஆனால் பைனரியில் உங்களுக்குக் கீழே இடது கால், வலது கால் என்று இரண்டு கிளை, பக்கத்துக்கு ஒருவர் சேர்ந்த ஜோடிக்குத்தான் காசு. இடது காலில் நூறு பேர், வலது காலில் நாலு பேர் என்றால் நாலு ஜோடிதான் கணக்கு. மீதி 96 பேர் கட்டிய பணமும் கம்பெனியில் சேர்ந்துவிட்டது, உங்களுக்குச் சேரவில்லை. அதற்கு மேல் ஒரு நாளைக்கு இத்தனை ஜோடிதான் என்று உச்சவரம்பும் உண்டு. உச்சவரம்பைத் தாண்டியது எங்கே போகிறது என்று மீட்டிங்கில் கேட்டுப் பாருங்கள். ‘நெகட்டிவ் ஆள்’ என்று பட்டம் கிடைக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெயரும் ஊரும் வேண்டாம். எங்கள் வட்டாரத்து அக்கா ஒருவர், கணவருக்கு டெக்ஸ்டைல் மில்லில் வேலை. டி.டி.எஸ். பணத்துக்காக வந்தார். “திரும்ப வருமா அண்ணா?” என்று கேட்டுவிட்டு, கூடவே ஒரு நீள நோட்டையும் மேஜை மேல் வைத்தார். நானாகக் கேட்கவில்லை. பால் கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர், அதே நோட்டில் இதையும் எழுதி வந்திருக்கிறார்.

2024-25 நிதியாண்டு. கம்பெனி கொடுத்த கமிஷன் 41,300 ரூபாய். முதல் ஆறு மாதத்தில் 24,000, அதற்கு 5 சதவீதம் பிடித்தம். 2024 அக்டோபர் முதல் 194எச் பிடித்தம் 2 சதவீதமாகக் குறைந்ததால் மீதி 17,300க்கு 346 ரூபாய். மொத்தப் பிடித்தம் 1,546. இதைத் திரும்ப வாங்கத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

நோட்டின் இடப்பக்கம் செலவு. ஐடி செத்துப்போகாமல் இருக்க மாதாமாதம் தானே வாங்க வேண்டிய சரக்கு 3,600 வீதம் 43,200. மீட்டிங் டிக்கெட், பயிற்சி, அந்தப் பயிற்சியில் விற்கும் புத்தகம் எல்லாம் 9,400. பெங்களூருவில் இரண்டு மாநாடு, பஸ், அறை, நுழைவுச்சீட்டு உட்பட 14,800. பெட்ரோலும் போனும் 11,000. ‘இதைப் பயன்படுத்திப் பாருங்கள் அக்கா’ என்று சொந்தக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சரக்கு 6,200. கூட்டினால் 84,600.

41,300 வரவு, 84,600 செலவு. 43,300 கைநஷ்டம். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சோப்பையும் பற்பசையையும் வீட்டில் பயன்படுத்தித்தானே இருக்கிறார்கள். அதே சாமானை மளிகைக்கடையில் வாங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு விலை, 14,400 என்று அவரே மதிப்புப் போட்டார். கழித்துப் பார்த்தாலும் 28,900 போயே போய்விட்டது.

இவரை அந்த ஆண்டு மேடையில் ஏற்றி, தோளில் பட்டை மாட்டி, “மாதம் 9,000 சம்பாதிக்கும் இல்லத்தரசி” என்று அறிவித்தார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு மாதம் 8,900 வந்திருந்தது. அந்த மாதக் கடைசியில் படி ஏறுவதற்குப் பாயிண்ட் குறைந்ததால் நகையை அடகு வைத்துப் புரோட்டீன் டப்பா வாங்கி அடுக்கியிருந்தார். டப்பாக்கள் கட்டிலுக்கடியில் இருக்கின்றனவாம். காலாவதித் தேதி நவம்பர்.

நகைக்கடன் வட்டி நோட்டில் இல்லை. அது அவர் கணவரின் நோட்டில் இருக்கும் என்றார்.

ஆகஸ்ட் 11

நேற்றைய குறிப்புக்கு ஓர் இணைப்பு. வீட்டில் பூசிக்கொண்ட சோப்பு சட்டப்படி தொழில் செலவு ஆகாது. மீட்டிங் டிக்கெட்டுக்கு உருப்படியான பில் கிடையாது. சிறு வியாபாரிகள் விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுப் போகிற 44ஏடி வசதியும் கமிஷன் வருமானம் உள்ளவருக்கு இல்லை. ஆக, அந்த அக்கா தாக்கல் செய்யும் படிவத்தில் என்ன வரும் தெரியுமா? லாபம். வீட்டில் நஷ்டம், அரசாங்கக் கணக்கில் லாபம். நாளைக்கு யாராவது இந்தப் படிவங்களைக் கூட்டிப் பார்த்து, நேரடி விற்பனையில் இத்தனை பேர் வருமானம் ஈட்டுகிறார்கள் என்று ஓர் அறிக்கை எழுதினால் அதில் இவரும் ஒரு தலை.

26ஏஎஸ் வரவை மட்டும் சொல்லும். செலவைச் சொல்லப் பால் கணக்கு நோட்டுதான் வேண்டும். பெரும்பாலானவர்களிடம் அந்த நோட்டு இல்லை. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்குத் தாம் தோற்றதே தெரியாது.

ஆகஸ்ட் 13

“ஓர் அக்காவை வைத்து ஊரையே எடை போடாதீர்கள், அவர் சிஸ்டத்தைச் சரியாகப் பின்பற்றியிருக்கமாட்டார்.”

எடை போடவில்லை. பெரிய தராசு வேண்டுமானால் இருக்கிறது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 செப்டம்பரில் 70 எம்.எல்.எம். கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான விவரங்களை எடுத்து வைத்துப் படித்தது. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 1,000 டாலரோ அதற்குக் குறைவோ, அதாவது மாதம் 84 டாலர்கூடத் தேறாது. குறைந்தது 17 கம்பெனிகளில் பெரும்பாலானவர்களுக்குச் சல்லிக்காசு வரவில்லை. இது செலவைக் கழிக்காத தொகை. அந்த விவர அறிக்கைகளில் பல, ஒன்றுமே சம்பாதிக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தன. பரீட்சையில் தோற்ற மாணவர்களை வருகைப்பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டுவதை நாம் பார்க்காததா?

ஹெர்பலைஃப் என்ற எம்.எல்.எம். கம்பெனி மீது அதே ஆணையம் தொடுத்த வழக்கு 2016இல் 20 கோடி டாலருக்குச் சமரசமானது. ‘சேல்ஸ் லீடர்’ என்ற படிநிலைக்கு ஏறியவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 2014ஆம் ஆண்டு முழுவதற்கும் கம்பெனியிடமிருந்து கிடைத்தது சராசரியாக 300 டாலருக்கும் குறைவு என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டில் இருக்கிறது. லீடர்களின் கதியே இது. சமரசத்தின் முக்கிய நிபந்தனை என்ன? இனி கமிஷன் உண்மையான சில்லறை விற்பனையைப் பொறுத்திருக்க வேண்டும், ஆள் சேர்ப்பைப் பொறுத்தல்ல. கம்பெனியின் மொத்த வண்டவாளமும் அந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கு வேண்டுமா? 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை எம்.எல்.எம். கம்பெனியான ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்துக்களை முடக்கியது. நம் திண்டுக்கல் மாவட்டத்துத் தொழிற்சாலையும் அதில் அடக்கம். 2002-03 முதல் 2021-22 வரை கம்பெனி திரட்டியது 27,562 கோடி, இந்தியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள விநியோகஸ்தர்களுக்குக் கமிஷனாகப் போனது 7,588 கோடி என்பது துறையின் அறிக்கை. இது குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல. அதை விட்டுவிட்டு வெறும் வகுத்தல் மட்டும் போடுங்கள். நூறு ரூபாய் உள்ளே போனால் ஏறக்குறைய 27 ரூபாய் 50 காசு கமிஷனாகத் திரும்புகிறது. சரக்கை வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே கூட்டம் என்றால், அந்தக் கூட்டம் முழுவதும் சேர்ந்து நூறைப் போட்டு 27.50ஐயும் கொஞ்சம் சரக்கையும் வாங்குகிறது. கூட்டத்துக்குள் ஒருவர் காரில் போனால் மற்றவர்கள் பெட்ரோல் போட்டிருக்கிறார்கள். வெளியாள் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் மூலக் கேள்வி. ஐடி இல்லாதவர், உறவினர் அல்லாதவர், பொருள் பிடித்துப்போய் முழு விலை கொடுத்து இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியவர். அந்த அக்காவிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு டீச்சர் ஒருவர் என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அரசு அங்கீகாரம் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். மீட்டிங்கில் திரையில் காட்டும் காகிதங்களை நானும் பார்த்திருக்கிறேன். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. பதிவு, பான் கார்டு, உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிம எண். இதையெல்லாம் காட்டி “மத்திய அரசு அப்ரூவல்” என்றதும் கைதட்டல் கிளம்புகிறது. எங்கள் தெருமுனைப் பேக்கரியிலும் இந்தச் சான்றிதழ்கள் சுவரில் தொங்குகின்றன. தேங்காய் பன் வாங்கினால் தாய்லாந்து போகலாம் என்று அவர் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது: 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. ஆள் சேர்ப்பதைப் பொறுத்துப் பணம் வரும் என்று ஆசை காட்டுகிற திட்டமே அதன்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அபராதம் 5,000 ரூபாய் வரை. ஐயாயிரம்! 1978இல் அது பெரிய காசாக இருந்திருக்கலாம், இன்று ஒரு ‘லீடர்’ மாநாட்டு மேடைக்குப் பூ அலங்காரம் செய்யக்கூடப் போதாது. ஆம்வேயின் திட்டம் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது. கேரளக் காவல்துறை 2013இல் அதன் இந்தியத் தலைமை அதிகாரியைக் கைது செய்தது, அடுத்த ஆண்டு ஆந்திரக் காவல்துறையும் கைது செய்தது. கம்பெனி இன்றும் நடக்கிறது. எதிர்ப்பவர்கள் “கைது” என்ற பாதியையும் ஆதரிப்பவர்கள் “இன்றும் நடக்கிறது” என்ற மறுபாதியையும் பிய்த்து எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

பிறகு 2021 டிசம்பர் 28 அன்று நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் வந்தன. பிரமிடு திட்டமும் (ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துப் பணம் திரட்டுவது) பணச் சுழற்சியும் கூடாது, சேருவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது, விற்பவர் அடையாள அட்டை இல்லாமலும் முன் அனுமதி இல்லாமலும் வீட்டுக்கு வரக்கூடாது. கடைசி விதியைப் படித்து நானும் மனைவியும் சிரித்தோம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கல்யாணப் பத்திரிகை வைக்க வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள்.

இந்த விதிகள் வந்ததையே “அரசு எங்களை அங்கீகரித்துவிட்டது” என்று திருப்பிவிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் இருப்பதால் எல்லா டிரைவரும் நல்ல டிரைவர் என்பார்களா?

சேரும் கட்டணம் கூடாது என்ற விதிக்கு மாற்று வழி உடனே கிடைத்துவிட்டது. கட்டணம் இல்லை, ‘ஸ்டார்ட்டர் கிட்’ மட்டும் வாங்க வேண்டும். கட்டாயம் இல்லை, வாங்காவிட்டால் ஐடி ஆக்டிவ் ஆகாது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18

“வாரன் பஃபெட்டே எம்.எல்.எம். வைத்திருக்கிறார், அவரைவிட நீங்கள் புத்திசாலியா?”

அவரைவிடப் புத்திசாலி இல்லை. அவருடைய பெர்க்‌ஷயர் ஹாத்தவே 2002இல் பேம்பர்ட் செஃப் என்ற நேரடி விற்பனைக் கம்பெனியை வாங்கியது உண்மை. அவர் கம்பெனியை வாங்கினார் ஐயா. ஐடி போடவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சீட்டும் இப்படித்தானே என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். இல்லை. பதிவு செய்த சீட்டில் இருபது பேர் என்றால் கடைசிவரை இருபது பேர்தான். உங்கள் பணமே சுற்றி உங்களிடம் வருகிறது. நடத்துகிறவருக்குக் கமிஷன் அதிகபட்சம் 7 சதவீதம் என்று 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2019 திருத்தம் சொல்கிறது. புதிதாக ஆள் வந்தால்தான் பழைய ஆளுக்குப் பணம் என்ற பேச்சே சீட்டில் கிடையாது. நடத்துகிறவர் ஓடிப்போனால் அது வேறு துயரம்.

ஈரோட்டுக்காரனாக இருந்துகொண்டு ஈமுக் கோழித் திட்டத்தைச் சொல்லாமல் விட முடியுமா? 2012இல் பெருந்துறையில் அந்தக் கடை இழுத்து மூடியபோது பணத்தைப் போட்டவர்கள் வாசலில் நின்றார்கள், பறவைகள் கொட்டகையில் தீனியில்லாமல் நின்றன. அது நேரடியாக எம்.எல்.எம். அல்ல, முதலீட்டுத் திட்டம். ஆனால் சினிமா நட்சத்திர விளம்பரம், முதல் சில மாதம் ஒழுங்காக வந்த பணம், “என் சகலைக்கு வந்தது, எனக்கு வராதா” என்ற சாட்சி, எல்லாம் அச்சு அசல். ஈமுவுக்குத் தீனியாவது போட வேண்டியிருந்தது. இப்போது வருகிறவற்றுக்குத் தீனியும் வேண்டாம், போனில் விளம்பரம் பார்த்தால் போதும். 2024 ஜனவரி இறுதியில் கோவை நீலாம்பூரில் ‘மை வி3 ஆட்ஸ்’ உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். பணத்தைக் கேட்டுத் திரண்ட கூட்டம் அல்ல அது. வழக்குப் போட்டதைக் கண்டித்து, கம்பெனிக்கு ஆதரவாகத் திரண்ட கூட்டம்.

அவர்களை முட்டாள்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனி நின்றுவிட்டால் தான் சேர்த்துவிட்ட மாமன் மகனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் யார் பதில் சொல்வது? தன் பணம் போனால் மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவான். தன்னால் சேர்ந்தவர்களின் பணம் என்பதால்தான் வெயிலில் நின்றார்கள். புகார் கொடுக்க ஆள் வராததற்கும் அதுவே காரணம். புகார் கொடுக்கிறவர் முதலில் தனக்குக் கீழே சேர்ந்த டவுன்லைனுக்குக் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

நோட்டில் எழுத முடியாத செலவும் இங்கேதான் இருக்கிறது. அந்த அக்கா தன் சித்தி மகளிடம் ஆறாயிரத்துக்குக் கிட் விற்றிருக்கிறார். இந்த ஆவணியில் அந்த வீட்டில் காதுகுத்து. பத்திரிகை அவர் மாமியார் பெயருக்கு வந்திருக்கிறது, இவர் பெயருக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 25

கோபியிலிருந்து ஒரு பெண்மணி கோபமாக எழுதியிருக்கிறார். பல ஆண்டாகச் சமையலறைப் பாத்திரங்களும் அழகுசாதனங்களும் விற்கிறார், யாரையும் சேர்ப்பதில்லை, விலையில் ஐந்தில் ஒரு பங்கு லாபமாக நிற்கிறதாம், எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே என்கிறார். நியாயம். அவர் செய்வது வியாபாரம். வாங்குகிறவருக்கு ஐடி இல்லை, பொருள் வேண்டும், வாங்குகிறார். அவர் கம்பெனியில் எம்.எல்.எம். திட்டம் இருக்கலாம், அவர் அதற்குள் இல்லை. ஆனால் அவருடைய அப்லைன் அவரை எப்படி நடத்துகிறார் என்று கேட்டேன். “வெறும் ரீட்டெய்லர் என்று மீட்டிங்கில் கேலி செய்வார்கள்” என்று பதில் வந்தது. கம்பெனிக்குள் ஒழுங்காகச் சம்பாதிக்கும் ஒருத்தி கேலிப் பொருள்.

பிளாஸ்டிக் டப்பா விற்கும் டப்பர்வேர் கம்பெனி 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் மனு போட்டதே, நல்ல பொருள் விற்றவர்களும் நொடிக்கிறார்களே என்றும் கேட்டிருக்கிறார். நொடிக்கலாம். அது எந்தக் கடைக்கும் நேரும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இலவச வெளிநாட்டுப் பயணம். இதற்குத் தனிக் குறிப்பே வேண்டும். 2022 ஜூலை 1 முதல் வருமான வரியில் 194ஆர் என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. தொழில் தொடர்பாக ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பரிசோ சலுகையோ கொடுத்தால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். பரிசு ரொக்கமாக இல்லாமல் பயணமாக இருந்தால், வரி கட்டியாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மதிப்புள்ள துபாய்ப் பயணத்தை ‘வென்றவர்’ ஒருவர் 11,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினார். முழு மதிப்பும் அவர் வருமானத்தில் ஏறியது. அதற்கு மேல், அந்தப் பயணத்துக்குத் தகுதி பெறக் கடைசி வாரத்தில் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் சரக்கு எடுத்திருந்தார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஒட்டகத்தின் பக்கத்தில் நிற்கும் படத்தை மட்டும் காட்டினார். அந்தப் படம்தான் இப்போது பத்து வாட்ஸ்அப் குழுக்களில் புது ஆளைப் பிடிக்கிறது.

செப்டம்பர் 2

மச்சான் சேரச் சொல்லும் திட்டம் சரியானதா என்று யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டவருக்கு: உங்கள் நாட்டில் சட்டம் இதைவிடத் தெளிவு. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிடு திட்டங்களை வெளிப்படையாகத் தடை செய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, பரப்புவதும் குற்றம். மத்திய வங்கி பெயர்ப் பட்டியலே வெளியிடுகிறது. ஆன்மேக்ஸ் டிடி, எம்.டி.எஃப்.இ. போன்றவை அதில் இருக்கின்றன. உங்கள் மச்சான் சொல்லும் பெயர் பட்டியலில் இல்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. பட்டியல் எப்போதும் கம்பெனிக்குப் பின்னால்தான் வரும்.

செப்டம்பர் 3

சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு நெல்லிப் பொடி டப்பா குடிக்கச் சொன்ன அப்லைனைப் பற்றி எழுதியவருக்கு ஒரே வரி: முதலில் டாக்டரிடம் போங்கள், கணக்கு பிறகு. உணவுத் துணைப்பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்பதே சட்டவிரோதம். அந்த வாட்ஸ்அப் குரல் பதிவை அழித்துவிடாதீர்கள்.

செப்டம்பர் 5

சரக்கு மிச்சம் இருப்பவர்கள் பலர் கேட்பதால். சேர்ந்த புதிது என்றால் ஒப்பந்தத்தில் தண்டனையின்றி விலகும் காலம் எவ்வளவு என்று பாருங்கள், 2021 விதிகளில் அந்த உரிமை உண்டு. பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுக்கும் நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கும். அப்லைனிடம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அவர் உங்களை இன்னொரு மீட்டிங்குக்குத்தான் கூப்பிடுவார், நீங்கள் விலகினால் அவருக்குப் பாயிண்ட் போகும். நேராகக் கம்பெனிக்கு மின்னஞ்சல், பில் நகல், பெட்டியின் படம். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்.

அந்த அக்காவுக்கும் இதையே சொன்னேன். நாட்கள் கடந்துவிட்டன என்று கம்பெனி பதில் போட்டுவிட்டது. இரண்டு டப்பாவை எதிர்வீட்டு டீச்சர் வாங்கிக்கொண்டாராம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

“மைத்துனர் நாளை பிளான் காட்ட வருகிறார். உறவு கெடாமல் என்ன கேட்பது?”

ஒன்றே ஒன்று கேளுங்கள். போன வருடத்து 26ஏஎஸ். வருமான வரித் தளத்தில் நுழைந்தால் உடனே இறங்கிவிடும். வங்கிக் குறுஞ்செய்திப் படம் வேண்டாம், அப்லைனுடைய செக் வேண்டாம், கம்பெனி ஆப் காட்டும் ‘மொத்த வருமானம்’ வேண்டாம். அவருடைய பெயரில், அவருடைய பான் எண்ணில், அந்த ஆண்டுக்கு வந்தது எவ்வளவு. 194எச் பதிவே இல்லையென்றால் ஆண்டு முழுவதும் 15,000 தாண்டவில்லை என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம், 2024-25க்கு அதுதான் வரம்பு. இருந்தால், மாநாட்டுச் செலவை நீங்களாகக் கேட்காதீர்கள். காபி கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள், அவரே சொல்ல ஆரம்பிப்பார்.

செப்டம்பர் 9

மைத்துனர் காட்டிவிட்டாராம். 18,720 ரூபாய், ஆண்டுக்கு. பிளான் காட்டாமலே பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, இரவு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார் என்று எழுதியிருக்கிறார். கிளம்பும்போது, அதில் பிடித்த டி.டி.எஸ். திரும்ப வருமா, யாரிடம் போக வேண்டும் என்று கேட்டாராம்.

வரும். வேறு வருமானத்தையும் சேர்த்து வரி வரம்புக்குள் இருந்தால் முழுதும் வரும். பான், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு அனுப்பி வையுங்கள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. கடைசி நாள் வந்தால் தளம் திணறும், சனிக்கிழமைக்குள் வரச் சொல்லுங்கள்.